கடலோரத்துச் சாதாரணக் கட்டுமானங்களைப் படம் எடுப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

கடற்கரைக்குக் கேமராவோடு போகிறவர்களில் பெரும்பாலானோர் கடலைத்தான் எடுக்கிறார்கள். அலை, சூரிய உதயம், தூரத்தில் ஒற்றைப் படகு. படங்கள் அழகாகவே வரும். ஆனால் எந்தக் கரை, யார் எடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதே கரையில் ஒரு கான்கிரீட் தூண் நிற்கிறது, துருப்பிடித்த கைப்பிடிக் கம்பி இருக்கிறது, உயிர்காப்பாளர் உட்காரும் மரக் கோபுரம், பூட்டிக் கிடக்கும் கொட்டகை, அலைத்தடுப்புச் சுவர், தண்ணீருக்குள் இறங்கும் படிக்கட்டு எல்லாம் இருக்கின்றன. அவற்றின் பக்கம் கேமரா அதிகம் திரும்புவதில்லை.

புதிதாகப் பார்க்கப் பழக விரும்புகிறவருக்கு இவற்றைவிட நல்ல பயிற்சிக் களம் கிடைப்பது கஷ்டம் என்று நான் நம்புகிறேன். காரணம், இவற்றுக்குப் பின்னால் கடல் இருக்கிறது. தெருவில் ஒரு தூணை எடுத்தால் பின்னணியில் கடை, வண்டி, மரம், வயர் என்று எல்லாம் குறுக்கிடும். நீங்கள் ஓரடி நகர்ந்ததால் என்ன மாறியது என்பதே புரியாது. கடற்கரையில் பின்னணி என்பது ஒரே ஒரு நேர்கோடு: கடலும் வானமும் சேரும் தொடுவானம். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அந்தக் கோடு தூணை வேறு இடத்தில் வெட்டுகிறது, மாற்றம் அப்போதே கண்ணில் படுகிறது. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

செல்போன் கேமராவே போதும். ஜூம் லென்ஸ் உள்ள கேமராவும் ட்ரைபாடும் இருந்தால் சில படிகள் எளிதாகும், அவ்வளவுதான்.

படி 1: ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்

கரை முழுக்க நடந்து கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்க வேண்டாம். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கலங்கரை விளக்கம் மாதிரி எல்லோரும் எடுக்கும் பொருள் வேண்டாம். அதைப் பார்த்ததுமே ஏற்கெனவே பார்த்த படங்கள் நினைவுக்கு வந்து, நம் கை அவற்றைத் திரும்ப எடுக்கத் தொடங்கிவிடும். பெயரே இல்லாத பொருள் நல்லது.

தேர்வுக்கு மூன்று விஷயங்களைப் பாருங்கள். அதைச் சுற்றி நடக்க முடிய வேண்டும். ஏதாவது ஒரு பக்கத்திலிருந்தாவது அதற்குப் பின்னால் கடலின் தொடுவானம் தெரிய வேண்டும். உங்கள் உயரத்தைவிட ஓரளவு உயரமாக இருந்தால் வசதி, 2 முதல் 5 மீட்டர் வரை. சிறிய பொருளென்றால் அதிகம் குனிய வேண்டியிருக்கும். மிகப் பெரியதென்றால் நகர்வதன் விளைவு தெரிய ரொம்ப தூரம் நடக்க வேண்டியிருக்கும்.

படி 2: கேமராவை வெளியே எடுக்காமல் சுற்றி வாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். தாண்டாதீர்கள். பத்து நிமிடமாவது வெறும் கண்ணால் பாருங்கள்.

அழகைத் தேட வேண்டாம், வேலையைத் தேடுங்கள். இது எதற்காகக் கட்டப்பட்டது? எந்தப் பக்கம் காற்றை வாங்குகிறது? எங்கே கை பட்டுப் பட்டு வழவழப்பாகியிருக்கிறது? எங்கே பழுது பார்த்திருக்கிறார்கள்? ஒரு படகுத்துறைத் தூணைப் பார்த்தால், கீழே பாசி, அதற்கு மேல் கொட்டலசும் (ஓடுள்ள சிறிய கடலுயிர்) சிப்பியும் ஒட்டிய பட்டை, இன்னும் மேலே வெறும் கான்கிரீட் என்று அடுக்கடுக்காகத் தெரியும். கடல் எதுவரை ஏறுகிறது, எதுவரை இறங்குகிறது என்பதைத் தூணே எழுதி வைத்திருக்கிறது.

கான்கிரீட்டில் பழுப்பு நிறக் கறை வழிந்து, பிறகு வெடித்து, உள்ளே கம்பி தெரிந்தால் அதற்கும் ஒரு காரணம் உண்டு. கடல் உப்பில் உள்ள குளோரைடு மெதுவாக உள்ளே ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கடியில்தான் கான்கிரீட் பிளக்கிறது. எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் பகுதியைவிட, நனைந்தும் காய்ந்தும் மாறிமாறி இருக்கும் பகுதியில்தான் இந்தச் சேதம் அதிகம், அங்கே உப்போடு காற்றும் தாராளமாகக் கிடைப்பதால். இது தெரிந்துவிட்டால், அந்த விரிசல் இருக்கும் உயரத்துக்குக் கேமராவைக் கொண்டுபோக உங்களுக்கே தோன்றும்.

படி 3: தொடுவானத்தை வைத்து உங்கள் உயரத்தை முடிவு செய்யுங்கள்

மொத்த வழிகாட்டியிலும் முக்கியமான படி இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

கடலின் தொடுவானம் எப்போதும் ஏறக்குறைய உங்கள் கேமராவின் உயரத்திலேயே இருக்கும். சமதரையில் 3 மீட்டர் உயரத் தூண் ஒன்று நிற்கிறது, நீங்கள் 1.6 மீட்டர் உயரத்தில் கேமராவைப் பிடிக்கிறீர்கள் என்றால், தொடுவானம் தூணை அதன் 1.6 மீட்டர் உயரத்தில் வெட்டும். 5 மீட்டர் தள்ளி நின்றாலும் 50 மீட்டர் தள்ளி நின்றாலும் அதே இடம்தான். கேமராவை முழங்காலுக்கு இறக்கினால் கோடும் தூணின் முழங்காலுக்கு இறங்கும். படிக்கட்டில் ஏறி 4 மீட்டர் உயரத்துக்குப் போனால், தூண் முழுவதும் கோட்டுக்குக் கீழே போய்விடும். அதன் பின்னால் வானமே இருக்காது, தண்ணீர் மட்டும்தான். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கும் அளவுகோல் இது.

ஒரு சின்னக் கவனம்: மணல் கடலை நோக்கிச் சரிந்து இறங்கும். தூணிலிருந்து பின்னால் நடந்து மேட்டுக்குப் போனால் உங்கள் உயரமும் கூடுகிறது, கோடும் ஏறுகிறது. சில சமயம் குனிவதைவிட நாலடி முன்னே நடப்பது எளிது.

இப்போது செய்ய வேண்டியது. ஒரே திசையில் நின்று நான்கு உயரங்களில் படம் எடுங்கள்: மணலோடு ஒட்டி, இடுப்பளவில், கண்ணளவில், பிறகு கிடைக்கும் மிக உயரமான பாதுகாப்பான இடத்திலிருந்து. நான்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

தாழ்ந்த படத்தில் பொருள் முழுக்க வானத்துக்கு எதிரே நிற்கும். அதன் வெளிக்கோடுதான் பேசும். ஒரு சாதாரணக் குழாய்க் கம்பம்கூட நினைவுச்சின்னம் போன்ற கம்பீரம் பெறும். உயரத்திலிருந்து எடுத்ததில் பொருளின் மேல்பரப்பு தெரியும், தரையில் விழும் நிழல் தெரியும், அதைச் சுற்றியுள்ள காலடித் தடங்கள் தெரியும். அது எப்படிப் பயன்படுகிறது என்பது புரியும். கண்ணளவுப் படம்தான் பெரும்பாலும் பலவீனமாக இருக்கும், ஏனென்றால் நாம் தினமும் பார்ப்பது அதையே.

ரஷ்ய ஒளிப்படக் கலைஞர் அலெக்சாண்டர் ரோட்சென்கோ 1920களிலேயே இதற்காக வாதாடினார். வயிற்றளவில் கேமராவைப் பிடித்து எடுக்கும் வழக்கத்தை விட்டு, மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பாருங்கள் என்றார். அதே காலத்தில், 1928 வாக்கில், ஹங்கேரியக் கலைஞர் லாஸ்லோ மொஹோலி-நாகி பெர்லின் வானொலிக் கோபுரத்தின் மேலிருந்து நேர் கீழே பார்த்து எடுத்த படங்களில், நடைபாதையும் மேசைகளும் வட்டங்களும் கோடுகளுமாக மாறிவிட்டன. இரண்டு பேருக்கும் பொருள் சாதாரணமானதுதான். நின்ற இடம் வேறு.

கோடு பொருளைத் தொடும் இடத்தை விடாமல் கவனியுங்கள். கைப்பிடிக் கம்பியின் மேல் விளிம்பும் தொடுவானமும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் இரண்டும் குழம்பிவிடும். ஒன்று, இரண்டையும் துல்லியமாகப் பொருத்துங்கள்; கம்பியே கடலின் விளிம்பாக மாறும் அந்தப் படம் விசித்திரமாகவும் அருமையாகவும் இருக்கும். இல்லையென்றால் தெளிவாகப் பிரித்துவிடுங்கள்.

இன்னொன்று. கேமராவை மேலேயோ கீழேயோ சாய்க்காமல் நேராகப் பிடித்தால் தொடுவானம் ஃப்ரேமின் சரிபாதியில் விழும். ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980 முதல் எடுத்துவரும் கடல் படங்களில் வானமும் நீரும் சரிபாதியாகவே பிரிகின்றன. சரிபாதியாகப் பிரிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கும் விதியை இங்கே தைரியமாக மறக்கலாம். கோட்டைக் கீழே இறக்க வேண்டும் என்று கேமராவை மேல் நோக்கிச் சாய்த்தால், தூண்கள் உச்சியில் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். அதைத் தவிர்க்க, நேராகவே பிடித்து அகலமாக எடுத்துவிட்டு, அப்புறம் கீழ்ப்பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள்.

கோடு மட்டமாக இருக்கட்டும். ஒரு டிகிரி சாய்ந்தாலும் கடல் ஒரு பக்கம் வழிவது போலத் தெரியும். கம்பம் உண்மையிலேயே சாய்ந்திருந்தால் அதை நிமிர்த்த வேண்டாம். கடல் மட்டமாக இருந்தால்தான் கம்பத்தின் சாய்வு உண்மையாகத் தெரியும்.

படி 4: ஜூமைத் தொடும் முன் கால்களை நகர்த்துங்கள்

பொருளுக்கும் அதன் பின்னணிக்கும் இடையிலான அளவு விகிதத்தை முடிவு செய்வது நீங்கள் நிற்கும் தூரம். லென்ஸ் அதில் ஒரு பகுதியை வெட்டித் தருகிறது, அவ்வளவே. இதைச் சோதித்தே பார்க்கலாம். 28 மி.மீ. லென்ஸில் (எண் குறைந்தால் காட்சி அகலம், கூடினால் நெருக்கம்) தூணிலிருந்து 4 மீட்டர் தள்ளி ஒரு படம். 70 மி.மீ.யில் 10 மீட்டர் தள்ளி இன்னொரு படம். இரண்டிலும் தூண் ஒரே அளவில் இருக்கும். ஆனால் தூணுக்குப் பின்னால் 100 மீட்டரில் ஒரு படகு நின்றால், இரண்டாவது படத்தில் அது இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியும்.

தூணின் தனிமையைக் காட்ட வேண்டுமா, அருகே போங்கள். பின்னணி சுருங்கி விலகும். தூணும் படகும் ஒன்றையொன்று பார்ப்பது போல வேண்டுமா, தள்ளிப் போய் ஜூம் செய்யுங்கள். செல்போனிலும் இதே கதைதான். அதன் மிக அகலமான லென்ஸ் ஓரங்களை இழுத்து நீட்டும் என்பதால், நேர்கோடுகள் உள்ள பொருளை நடுப்பகுதியில் வையுங்கள்.

படி 5: வெளிச்சமும் ஓதமும்

ஒரே இடத்துக்கு வெவ்வேறு வேளைகளில் போங்கள். சூரியன் தாழ்ந்திருக்கும்போது பக்கவாட்டு வெளிச்சம் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் தடவிக்கொண்டு போகும். துரு, பெயிண்ட் உரிசல், மரத்தின் நார் எல்லாம் அப்போதுதான் தெளிவாக வரும். சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருக்கும்போது நிழல் பொருளின் உயரத்துக்குச் சமம். 11 டிகிரிக்கு இறங்கினால் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அந்த நீண்ட நிழலையே படமாக எடுத்து, பொருளை ஃப்ரேமுக்கு வெளியே விட்டுவிடலாம்.

நண்பகல் வெளிச்சத்தைப் பலர் ஒதுக்குகிறார்கள். கட்டுமானங்களுக்கு அது பயன்படும். படிக்கட்டு, கைப்பிடி, வெள்ளைச் சுவர் எல்லாம் கறுப்பு வெள்ளைப் பட்டைகளாகப் பிரியும். மேகமூட்டமான நாளில் நிழல் இல்லாமல் வடிவமும் நிறமும் மட்டும் மிஞ்சும். எனக்கு அதுவே மிகப் பிடித்த வேளை; வானமும் கடலும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்து, நடுவில் அந்தப் பொருள் மட்டும் நிற்கும்.

சூரியன் தொடுவானத்துக்கு 6 டிகிரி கீழே இறங்கும் வரையிலான அந்தி வெளிச்சம் நிலநடுக்கோட்டுக்கு அருகே 20 நிமிடத்துக்குச் சற்று மேல் நீடிக்கும். துருவங்களை நோக்கிப் போகப் போக இன்னும் நீளும். உங்கள் இடம் எங்கே என்பதைப் பொறுத்து அவசரத்தைத் தீர்மானியுங்கள்.

அடுத்தது ஓதம், அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவது. பெரும்பாலான கரைகளில் ஒரு உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஓத நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்க வித்தியாசம் மிக அதிகம். சாதாரண நாளில் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் படிக்கட்டும் தூணின் அடிப்பகுதியும் அப்போது வெளியே வரும். உங்கள் இடத்துக்கான ஓத அட்டவணையைப் பார்த்து, தாழ் ஓதத்துக்கு ஒரு முறை, உயர் ஓதத்துக்கு ஒரு முறை போங்கள். மணலில் நிற்கும் கோபுரமும் தண்ணீருக்குள் நிற்கும் அதே கோபுரமும் வெவ்வேறு படங்கள்.

படி 6: எக்ஸ்போஷர்

பளிச்சென்ற மணலையும் மின்னும் நீரையும் பார்த்ததும் கேமரா ஏமாந்துவிடும். காட்சியை நடுத்தரச் சாம்பலுக்கு இழுத்துக்கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவர் அழுக்காகத் தெரியும். கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +0.7 அல்லது +1 வையுங்கள். பிறகு இருட்டிலிருந்து வெளிச்சம் வரை எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து, வலது ஓரத்தில் வெள்ளை வெட்டுப்பட்டிருந்தால் குறையுங்கள். செல்போனில் பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு ஏற்றி இறக்கலாம்.

வானத்தையும் நீரையும் ஒரே படத்தில் அடக்குவது பழைய பிரச்சினை. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்டாவ் லெ க்ரே 1850களில், வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களை எடுத்துத் தொடுவானத்தில் ஒட்டவைத்து அச்சிட்டார். அன்றைய ரசாயனப் பூச்சு நீல நிறத்தை அதிகமாக வாங்கி வானத்தை வெளுக்கடித்ததுதான் காரணம். இன்று ரா கோப்பாக (கேமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

ட்ரைபாடும், லென்ஸுக்கு முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான 10 ஸ்டாப் என்.டி. ஃபில்டரும் இருந்தால் நீண்ட எக்ஸ்போஷரையும் முயலலாம். அந்த ஃபில்டர் வெளிச்சத்தை ஏறக்குறைய 1000 மடங்கு குறைக்கும். 1/60 நொடி எடுத்த காட்சிக்கு 17 நொடி ஆகும். அலைகள் மறைந்து நீர் பனிமூட்டம் போலாகும், அசையாத பொருள் மட்டும் கூர்மையாக நிற்கும். ஃபோகஸை ஃபில்டர் மாட்டும் முன்பே பூட்டிவிடுங்கள். அழகான உத்திதான், ஆனால் எல்லாப் படத்துக்கும் வேண்டாம். அலை தூணில் மோதித் தெறிப்பதுதான் அந்தத் தூணின் வாழ்க்கை. அதற்கு 1/1000 நொடி வேண்டும்.

படி 7: கடலுக்கு முதுகு காட்டுங்கள்

இதுவரை கடலைப் பின்னணியாக வைத்தோம். இப்போது பொருளுக்கும் கடலுக்கும் நடுவே போய் நின்று, நிலத்தைப் பார்த்து எடுங்கள். அலைத்தடுப்புச் சுவர் எதைக் காக்கிறது என்பது அந்தப் பக்கத்திலிருந்துதான் தெரியும்: வீடுகள், சாலை, மரங்கள். பிறகு பொருளுக்குள்ளே போக முடிந்தால் போங்கள். கொட்டகையின் சன்னல், படகுத்துறைக்கு அடியில் தூண்களின் வரிசை, படிக்கட்டின் இடைவெளி. அங்கிருந்து பார்க்கும்போது கடல் ஒரு துண்டாக, ஒரு செவ்வகமாகச் சுருங்கும்.

கடைசியாக மிக அருகே போங்கள். போல்ட், முடிச்சு, பெயிண்டின் அடுக்குகள். இங்கே தொடுவானம் இல்லை என்பதால் கண்ணுக்குப் பிடிமானம் போய்விடும், 10 செ.மீ. துருவா, 10 கி.மீ. நிலமா என்றே சந்தேகம் வரும் படங்கள் கிடைக்கும்.

போகும் முன் கவனிக்க வேண்டியவை

ஈரமான பாசி படிந்த கல்லிலும், அலைதடுக்கக் கொட்டிய நான்கு கால் கான்கிரீட் கட்டைகளான டெட்ராபாட்களின் மேலும் ஏற வேண்டாம். அவற்றின் இடுக்கில் விழுந்தால் வெளியே வருவது மிகக் கடினம். கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் நேரம் குறைவாகவே இருக்கட்டும். ஓதம் ஏறும் நேரத்தில் திரும்பி வரும் வழி மூடிவிடாதா என்று முன்னமே பாருங்கள். சில துறைமுகங்களிலும் பாதுகாப்புப் பகுதிகளிலும் படம் எடுக்கத் தடை இருக்கும். பலகையைப் படியுங்கள், சந்தேகமிருந்தால் கேளுங்கள். கரையில் வேலை செய்கிறவர்களும் குளிக்கிறவர்களும் படத்தில் விழுவார்கள் என்றால் அனுமதி கேட்பது மரியாதை.

லென்ஸில் படிந்த உப்புத் திவலையை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதி மணலை நீக்கி, லேசாக ஈரமான துணியால் துடைத்து, பிறகு உலர்த்துங்கள். லென்ஸ் மாற்றுவதைக் கரையில் செய்யாமல் இருப்பதே நல்லது. ட்ரைபாட் கால்களை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

படி 8: ஒன்றிலிருந்து வரிசைக்கு

ஒரு பொருளில் கை பழகியதும், அதே வகைப் பொருள்கள் பலவற்றைத் தேடுங்கள்: ஒன்பது உயிர்காப்பாளர் கோபுரங்கள், ஒன்பது படிக்கட்டுகள். ஜெர்மானிய ஒளிப்படக் கலைஞர்களான பெர்ன்ட், ஹில்லா பெஹர் தம்பதி 1959 முதல் தண்ணீர்த் தொட்டிகளையும் உலைக்களங்களையும் இப்படித்தான் எடுத்தார்கள்: மேகமூட்டமான வானம், நேர் எதிரே கேமரா, ஒரே மாதிரி ஃப்ரேம், பிறகு கட்டம் கட்டமாக அடுக்குவது. யாரும் திரும்பிப் பார்க்காத தொழிற்சாலைக் கட்டுமானங்களுக்காக 1990 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் அவர்களுக்குச் சிற்பத்துக்கான தங்கச் சிங்க விருது கிடைத்தது. படத்துக்குச் சிற்ப விருது!

உங்கள் வரிசைக்கும் ஒரு விதி வையுங்கள், எழுதியே வையுங்கள். கேமரா உயரம், தூரம், லென்ஸ், வானிலை. தொடுவானம் எல்லாப் படத்திலும் ஒரே உயரத்தில் ஓடட்டும். மற்றதெல்லாம் ஒன்றுபோல இருக்கும்போது, ஒரு கோபுரத்துக்கு மட்டும் கூடுதல் படி இருப்பதும், ஒன்றுக்கு மட்டும் கூரை சாய்ந்திருப்பதும் தானாக முன்னே வரும்.

படி 9: தேர்வு

எடுத்த அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு வாரம் போகட்டும். எடுக்கப் பட்ட சிரமம் மறந்த பிறகு படத்தைப் படமாகப் பார்க்க முடியும். முதலில் தொடுவானத்தை மட்டப்படுத்துங்கள். பிறகு எல்லாவற்றையும் சிறிய அளவில் அச்சிட்டு மேசையில் பரப்புங்கள். திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரே தகவலைச் சொல்லும் இரண்டு படங்களில் ஒன்றை நீக்கிவிடுங்கள். மிஞ்சியவற்றைக் கேமரா உயரத்தின்படி கீழிருந்து மேலாக அடுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் கண்ணளவில் எடுத்தவை ஒரே குவியலாகச் சேர்ந்திருக்கும், மணலோடு ஒட்டியதும் மேலிருந்து எடுத்ததும் குறைவாக இருக்கும். எந்த உயரம் காலியாக இருக்கிறது, எந்த ஓதத்தில் போகவில்லை, எந்தப் பக்கத்தைச் சுற்றி வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது அந்தக் குறிப்பைத்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும்.